அண்ணனின் கொழும்பு டிராக்டர்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. வண்டி கட்டி வேம்பார் வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தங்களுக்காக, அவரைப் பற்றி நான்கு வார்த்தை எழுதச் சொன்னார்கள். கூடப் பிறந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். வேறு யார் எழுதுவார்கள்?

அண்ணன் வேம்பாரில் பிறந்தார். மீசை அரும்பும் வயதில் தூத்துக்குடியில் தோணி ஏறிக் கொழும்புக்குப் போய், ஒரு தோட்டத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அங்கே போன மற்றவர்கள் பட்டும் பவுனுமாகத் திரும்பினார்கள். அண்ணனோ, தோட்டத்தார் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட ஒரு டிராக்டரைத் துண்டு துண்டாகக் கழற்றித் தோணியில் போட்டுக்கொண்டு வந்தார். ஊரில் காத்திருந்த அவர் மனைவிக்கு, என் மதினிக்கு, ஒரு சேலைகூட இல்லை. மதினி சிரித்துவிட்டு அதன் இரும்புச் சக்கரத்துக்குப் பொட்டு வைத்தார்கள்.

கரிசல் காட்டில் அது நன்றாகவே உழுதது. ஆனால் எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே பொருக்குக் கட்டிவிடும். அதற்காக அண்ணன் தினமும் விடியுமுன் இரண்டு மைல் நடந்து நல்ல தண்ணீர் எடுத்து வருவார். வீட்டுக்கு உப்புத் தண்ணீர், டிராக்டருக்கு நல்ல தண்ணீரா என்று ஊரே கேலி பேசியது. அண்ணன் கோபப்படவில்லை. மதினிக்கு ஒரு செம்பு கொடுத்துவிட்டு மீதியை டிராக்டருக்கு ஊற்றினார்.

மதினி காய்ச்சலில் போனார்கள். பிள்ளை இல்லை. பிறகு உலகச் சண்டைக் காலம் வந்தது, டிராக்டர் குடிக்கும் மண்ணெண்ணெய்க்குத் திண்டாட்டம். வண்டி கொட்டகையில் நின்றது. கடல் காற்றுக்குத் துருப் பிடிக்காதிருக்க அண்ணன் அதற்குத் தினமும் எண்ணெய் தேய்த்தார். வாரம் ஒருமுறை கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். அத்தனை வருஷச் சத்தத்தில் அவர் காது அடைத்துப்போயிருந்தது. கத்திப் பேச வேண்டியிருக்கிறதே என்று ஆட்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். நானும் குறைத்துக்கொண்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் அண்ணன் படுக்கையில் விழுந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏலே, அதைக் கடைசியா ஒரு தடவை கிளப்பிக் காட்டுலே."

கற்றுக்கொள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். அப்புறம் பார்க்கலாம் என்று நழுவியவன் நான். பக்கத்து வீட்டார் நால்வர் அண்ணனைக் கட்டிலோடு தூக்கி வந்து டிராக்டர் அருகில் இறக்கினார்கள். முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினேன். உள்ளங்கை கொப்பளிக்கும் வரை சுற்றினேன். இரண்டு செருமல், அவ்வளவுதான். அண்ணன் ஆவலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு தாங்கவில்லை. அவர் காதோடு குனிந்து, "ஓடுது அண்ணே" என்று கத்தினேன்.

அண்ணன் மெல்லக் கையை நீட்டி டிராக்டரின் தகரத்தில் வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது போன பிறகு, கையில் தெரியும் அதிர்வை வைத்துத்தானே அவர் அதை ஓட்டினார். தகரம் சும்மா கிடந்தது. கையை எடுக்காமல் வெகுநேரம் இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா ஓடுதுலே. போதும், நிறுத்திரு. மண்ணெண்ண கெடைக்காத காலம்."

நான் எழுந்து போய், ஓடாத வண்டியை நிறுத்தினேன்.

அண்ணனின் நோய்க்கு மருந்து தந்த வைத்தியருக்கும், தங்கள் பங்கு மண்ணெண்ணெயை அன்றைக்கு எங்களுக்கு ஊற்றிக் கொடுத்த வீட்டாருக்கும் எங்கள் நன்றி. கட்டில் தூக்கிய நால்வரும் என் பொய்யைக் காட்டிக்கொடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களை மறக்க மாட்டேன்.

அண்ணனிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நால்வர் காதில் விழும்படி கத்த வேண்டுமே என்று கூச்சப்பட்டு, தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். மறுநாள் அவர் கண் திறக்கவில்லை.