வெள்ளி போலத் தேய்த்த தாச்சி

மகன் புதிதாக வாங்கிய கேஸ் கிரில்லின் கம்பிகளில் எண்ணெய் பூசி, ஒன்றும் வைக்காமல் எரியவிட்டான். புது இரும்பில் எண்ணெய் கருகும் அந்த வாசத்தில் எனக்கு மறுபடியும் எட்டு வயதாகிவிட்டது.

பொரிப்பது ஒட்டாமலிருக்க, உம்மா புது இரும்புத் தாச்சிக்கு மூன்று நாள் தேங்காயெண்ணெய் பூசிப் பூசிக் காயவைத்துக் கறுப்பாக்கியிருந்தார். என் அக்காவை, ராத்தாவைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அதில்தான் மீன் பொரிக்க வேண்டும். அந்தக் கறுப்பை அழுக்கென்று நினைத்து, நான் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்து வெள்ளி போல ஆக்கிவைத்தேன்.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த நேரம், மீனெல்லாம் தாச்சியில் ஒட்டிப் பிய்ந்தது.

"மூணு நாள் பட்ட பாட்ட ஒரு தேய்ப்பில முடிச்சிட்டியேடி!" என்று உம்மா என் காதைத் திருகினார். பிறகு பிய்ந்ததைச் சுரண்டியெடுத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, தேசிக்காய்ப்புளி பிழிந்து பிசைந்து வைத்தார்.

மாப்பிள்ளையின் உம்மா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். "இது யார்ர பக்குவம் மச்சி?"

"எங்கட சின்னவள்ர" என்றார் உம்மா, என்னைப் பார்க்காமலே.

"உம்மா, இதச் சோப்புப் போட்டுத் தேய்ச்சிராதீங்க" என்றான் மகன், கிரில்லை அணைத்தபடி.

"அந்தப் பிழைய நான் எட்டு வயசிலயே செஞ்சிட்டன் மகன். உன்ட பெரியம்மாட கலியாணமே அதாலதான் சரிவந்திச்சு."