பெருமாள் பார்த்துக் கொடுத்த பனிச்சறுக்குப் பலகை

கனடாவிலிருந்து லீவில் கடலூர் வந்தும் குழப்பம் தீரவில்லை. புதுப் பனிச்சறுக்குப் பலகை வாங்க வேண்டும். செங்குத்துச் சரிவில் வெறிபிடித்தவன்போல் இறங்குகிறவன் நான். அகலமானது ஆழப் பனியில் புதையாது. குறுகலானது இறுகிய பனியில் பறக்கும். எதை வாங்குவது?

"பூ கட்டிப் பாத்துடலாம்டா" என்றார் அம்மா.

இன்று திருவந்திபுரத்தில் பெருமாள் முன்னால் இரண்டு பொட்டலம் வைத்தார். வெள்ளைப் பூ என்றால் அகலம், சிவப்பு என்றால் குறுகல்.

ஒன்றை எடுத்தேன். வெள்ளை.

அம்மா கண்மூடிக் கும்பிட்டபோது மற்றதையும் பிரித்தேன். அதிலும் வெள்ளை!

"என்னம்மா இது?"

"அகலமானது புதையாதுன்னு நீதானடா சொன்ன? அப்புறம் பெருமாளுக்கு எதுக்கு ஜாஸ்தி வேலை?"

திரும்பும் பஸ்ஸிலேயே அகலமானதை ஆர்டர் போட்டேன். இப்படி ஒரு அம்மா இருக்க, நான் எந்தப் பனியில் புதைவேன்?

உங்கள் வீட்டில் சாமிக்கு வேலையைக் குறைப்பது யார்?