குர்கியை விட முடியாதவன்

வாயை அடக்கத் தெரியாமல் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறவனை எங்கள் பக்கத்தில் இன்றும் "இவன் ஒரு ஹெய்லின்" என்றுதான் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹெய்லின் எங்கள் வீட்டு ஆள். எத்தனையோ தலைமுறைக்கு முந்தையவன்தான், என்றாலும் எங்கள் ஆள். என்ன நடந்தது என்று தெரியாமலே சிரிக்கிறார்கள். தெரிந்தால் சிரிக்க மாட்டார்கள்.

வேல்ஸ் மலைநாட்டை எங்கள் சொந்த அரசர்கள் ஆண்ட காலம் அது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு குமுட், அந்தப் பக்கம் ஒரு குமுட். ஒரே நியாய சபைக்குக் கட்டுப்பட்ட ஊர்களெல்லாம் சேர்ந்தது ஒரு குமுட். ஆற்றைத் தாண்டினால் சபை வேறு, பிரபு வேறு. தாண்டி வந்தவன் அந்நியன்தான், பாஷை ஒன்றாக இருந்தாலும் சரி.

ஹெய்லின் இந்தப் பக்கத்துக் குமுட்டில் அந்நியன். அவனுடைய தாத்தா பிழைக்க வந்து பிரபுவின் நிலத்தில் குடிசை போட்டார். அப்பா அதே குடிசையில் பிறந்து, அதே நிலத்தை உழுது, அங்கேயே செத்தார். மூன்றாவது ஆள் ஹெய்லின். பிரபுவின் நிலத்தில் குடியேறிய அந்நியன் மூன்று தலைமுறை வரைக்கும் எழுந்து போகலாம், ஆனால் சேர்த்ததில் பாதியை பிரபுவிடம் விட்டுவிட்டுப் போகவேண்டும். நாலாவது தலைமுறை பிறந்துவிட்டால் அதுவும் கிடையாது. அந்தக் குடும்பம் அந்த மண்ணோடு கட்டுப்பட்டது. கல்யாணம் காட்சிக்குக்கூட பிரபுவின் காரியஸ்தரைக் கேட்கவேண்டும்.

அந்தக் கோடையில் ஹெய்லினின் மனைவி லெய்கிக்கு வயிற்றில் ஆறு மாதம். வயிற்றுக்குள் இருந்தது நாலாவது தலைமுறை.

ஹெய்லினுக்கு ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தீர் ஹிர் என்று ஒரு ஊர், நீள நிலம் என்று அர்த்தம். தாத்தாவுக்கும் பல தலைமுறை முன்னால் அவனுடைய முன்னோன் ஒருவன் விட்டுவிட்டுப் போன ஊர், நடுவில் வந்தவர்களெல்லாம் எங்கெங்கோ அலைந்து பிழைத்தவர்கள். எங்கள் சட்டத்தில் அப்பன் நிலம் மகன்கள் எல்லோருக்கும் சமமாகப் பிரியும், யாரும் அதை விற்க முடியாது, விட்டுப் போனவனின் உரிமையும் சட்டென்று சாவதில்லை. ஒன்பதாவது ஆள் வரைக்கும் அது உயிரோடு இருக்கும். அந்த ஒன்பதாவது ஆள் சபைக்கு முன்னால் நின்று, "நிலத்துக்காரனாகப் பிறந்தவன் நிலமற்றவனாகப் போகிறேன்" என்று ஒரே ஒரு தடவை கூவலாம். பாதாளத்தின் மேல் கூவல் என்பார்கள் அதை. சபை கேட்டால், அங்கே உட்கார்ந்திருக்கும் பங்காளிகளில் ஒருவனுக்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அவனுக்கும் உண்டு. ஒன்பதுக்குப் பிறகு கூவினால் எவன் காதிலும் விழாது.

"நீதான்டா ஒன்பதாவது" என்று அப்பா சொல்லியே வளர்த்திருந்தார். பெயர் வரிசையையும் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார். இன்னார் மகன் இன்னார் என்று அது கீழிருந்து மேலே ஏறும். ஆனால் அப்பா சொன்னதை ஹெய்லின் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்த்தது லெய்கி. பால் கறந்துகொண்டே, பசுவின் மடியில் இருந்த கையை எடுத்து விரல் விட்டு எண்ணினாள்.

"யோவ், இன்னொரு தடவ சொல்லு."

சொன்னான்.

"பத்து வருதுய்யா."

"உனக்கு எண்ணத் தெரியல."

"எனக்குக் கையில பத்து விரல்தான். எல்லாம் மடங்கிப்போச்சு. நீயே பாரு."

பார்த்தான். பத்துதான் வந்தது. அன்று அவன் சாப்பிடவில்லை, ஓட்ஸ் ரொட்டி தட்டிலேயே காய்ந்தது. குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பாட்டின் நடுவில் ஒரு இடம் வரும்: "பிளெதின், குர்கி மகன், ஆர்த்தென் மகன்." பிளெதின் வயிற்றில் இருக்கும்போதே அவனுடைய அப்பா ஆர்த்தென் ஆற்றோடு போய்விட்டார். ஆர்த்தெனின் தம்பி குர்கி கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் அந்தப் பிள்ளையை வளர்த்தார். பெரியவனான பிளெதின், யார் மகன் என்று கேட்டால் இரண்டு பேரையும் சொல்வானாம். பெற்றவன் ஒருவன், வளர்த்தவன் ஒருவன். அப்படிப் பாட்டுக்குள் உட்கார்ந்தவர்தான் குர்கி.

"அப்போ விடு அந்தாள" என்றாள் லெய்கி. "ரத்தப்படி பார்த்தா நீ ஒன்பதுதான். பொய் ஒண்ணும் இல்லையே."

"விட்டா அப்பா மண்டையில குட்டுவாரு."

"உங்கப்பா செத்து ஏழு வருஷம் ஆச்சு."

அவன் சிரிக்கவில்லை. சின்ன வயசில் அந்தப் பெயரை விட்டுவிட்டால் அப்பா நிஜமாகவே குட்டுவார். "குர்கிய விட்டவன் சோத்துல மண்ணு விழும்டா. அவரு இல்லேன்னா நாமளே இல்ல" என்பார். சோற்றில் மண் விழுந்ததோ இல்லையோ, குட்டு விழுந்தது. குட்டுப்பட்ட இடத்தில் பெயர் நன்றாகப் பதிந்துவிட்டது.

நில வழக்கு எல்லா நாளும் கேட்க மாட்டார்கள். உழவு நேரத்திலும் அறுப்பு நேரத்திலும் சபை மூடிக்கிடக்கும். ஆகஸ்ட் அறுப்புக்கு முன் ஒரே ஒரு அமர்வு மிச்சம் இருந்தது. அதை விட்டால் பனிக்காலம், அதற்குள் பிள்ளை பிறந்துவிடும். லெய்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். வேண்டாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. வழி முழுக்க அவனைச் சொல்லவைத்துக்கொண்டே நடந்தாள். மேட்டில் சொல்லவைத்தாள், இறக்கத்தில் சொல்லவைத்தாள், ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றும் சொல்லவைத்தாள். "பிளெதின், ஆர்த்தென் மகன்." ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் கொஞ்சம் நிற்பான், நொண்டுகிற மாடு மாதிரி.

"நிக்காதே. நின்னா சந்தேகம் வரும்."

"பாட்டு அங்க இழுக்குதுடி."

"இழுத்தா இழுக்கட்டும். நீ தாண்டு."

சபை திறந்தவெளியில் கூடும். பிரபு காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருவார், முகத்தில் காற்று அடித்தால் அவருக்குத் தொந்தரவாம். வழக்காட வந்தவன் அவரைப் பார்த்து நிற்கவேண்டும், காற்று அவன் முகத்தில் அடிக்கலாம், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பிரபுவுக்குப் பக்கத்தில் நியாயம் சொல்லும் கிழவர். எதிரில் தீர் ஹிர் பங்காளிகள் ஆறு பேர். அவர்களுக்காகப் பேசியவன் மெய்ரிக்.

மெய்ரிக்கைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் நிலையும் பார்க்கச் சகிக்காது. தாத்தா காலத்தில் ஒன்றாக இருந்த நிலம் மகன்களுக்குப் பிரிந்து, பேரன்களுக்குப் பிரிந்து, ஒவ்வொருவனுக்கும் நாடா மாதிரி ஒரு துண்டு வந்திருந்தது. எட்டு மாடு பூட்டிய ஏரை அதில் திருப்ப முடியாது.

"பங்காளி, வா" என்றான் மெய்ரிக். "எங்க நிலத்துல ஒரு ஆடு குறுக்க படுத்தா வாலு அடுத்தவன் துண்டுல கெடக்குது. நீ ஏழாவதா வந்து எங்க படுப்பே?"

கூட்டம் சிரித்தது. ஹெய்லினும் லேசாகச் சிரித்தான்.

"வாலு வைக்கிற எடம் போதும் எனக்கு" என்றான். "என் புள்ள கட்டுக்குள்ள பொறக்கக் கூடாது. அவ்வளவுதான் கேக்கறேன்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மெய்ரிக் தலை குனிந்துகொண்டான். நியாயக்காரர் ஊர்க் கோயிலில் இருந்த புனிதரின் கைமணியைக் கொண்டுவரச் சொன்னார். அதன்மேல் கைவைத்துச் சொல்வதுதான் சத்தியம், சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது.

"ஏம்ப்பா, யார் மகன் நீ? மொதல்ல இந்த நிலத்த விட்டுப் போனவன் வரைக்கும் சொல்லு."

ஹெய்லின் கையை வைத்தான். மணி குளிர்ந்திருந்தது. முகத்தில் காற்று, கண்ணில் நீர். லெய்கி கூட்டத்துக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவன் அப்பாவைச் சொன்னான், தாத்தாவைச் சொன்னான். காற்றில் அடுத்த பெயர் நழுவியது. நழுவியதும் பாட்டைப் பிடித்துக்கொண்டான், விழுகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பான் அல்லவா? பாட்டு அவனை இழுத்துக்கொண்டு ஓடியது.

"பிளெதின், குர்கி மகன், ஆர்த்தென் மகன்..."

லெய்கி உதட்டை அசைப்பதை நிறுத்தினாள். அவனுக்குத் தான் சொன்னது தெரியவே இல்லை. கடைசிப் பெயர் வரைக்கும் நன்றாகச் சொல்லி முடித்தான். ஒரு பெயரும் விடாமல் சொன்ன திருப்தி முகத்தில் இருந்தது. பிறகுதான் லெய்கியைப் பார்த்தான்.

நியாயக்காரர் விரல்களை மடக்கி வைத்திருந்தார். "பத்து" என்றார்.

"இல்லைங்க ஐயா, குர்கி பெத்தவர் இல்ல. வளத்தவரு. சித்தப்பா. அவர எண்ணக் கூடாது."

"மகன்னுதானே சொன்னே?"

"வாய் தவறி வந்துடுச்சு."

"மணிமேல கைய வெச்சுச் சொன்னது வாய் தவறினதா? அப்போ மீதிப் பேரு எது தவறினது, எது தவறாததுன்னு நான் எப்படி நம்பறது?"

நியாயக்காரர் இரக்கம் இல்லாதவர் என்றும் நான் சொல்ல மாட்டேன். அவர் குரல் தாழ்ந்துதான் இருந்ததாம். "பத்தாவது ஆளோட கூவல் சபை காதுல விழாதுப்பா. போயிட்டு வா" என்றார்.

ஹெய்லின் போகவில்லை. நின்ற இடத்திலேயே தலையைத் தூக்கிக் கூவினான். "நிலத்துக்காரனாப் பொறந்தவன் நிலமில்லாதவனாப் போறேன்!" அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. சபை அதைக் கேட்டதாகக் காட்டிக்கொண்டால் கேட்டதாக ஆகிவிடும், பங்கு கொடுக்கவேண்டி வரும். அதனால் அத்தனை பேரும் பேச ஆரம்பித்தார்கள். ஒருவன் மழையைப் பற்றி, ஒருவன் ஆட்டு ரோமம் வெட்டுவதைப் பற்றி. பிரபு காரியஸ்தரிடம் பாலாடைக்கட்டி கேட்டார். அவன் மறுபடி கூவினான், இவர்கள் இன்னும் சத்தமாகப் பேசினார்கள். மெய்ரிக்கின் நாய் மட்டும் எழுந்து நின்று அவனைப் பார்த்து ஊளையிட்டது. மெய்ரிக் ஒரு கல்லை எடுத்து அதன் விலாவில் அடித்தான்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை சொல்லும்போது இந்த இடத்தில் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். எனக்கும் போகத் தோன்றும்.

திரும்பி வரும்போது ஆற்றின் நடுவில் ஹெய்லின் நின்றுவிட்டான்.

"என் புள்ளய என் வாயாலயே கட்டிப்போட்டுட்டேன்."

"ஆமா" என்றாள் லெய்கி. "உன்ன இப்படியே தண்ணில தள்ளிவிடலாம்னு இருக்கு." அவள் பொய் சொல்கிறவள் இல்லை. "இப்படியே வேற எங்கயாவது போயிடலாமா?" என்று அவன் கேட்டான்.

"எங்க போறது? ஒத்தப் பசுவுல பாதிய பிரபுகிட்ட விட்டுட்டு, மீதிப் பாதிய ஓட்டிக்கிட்டா? என்னால அடுத்த மேடுகூட ஏற முடியாது. நட."

செப்டம்பரில் குடிசையில் பையன் பிறந்தான். மறுநாளே காரியஸ்தர் வந்து கதவு நிலையில் கையை வைத்தார். "நாலு தலைமுறை ஆயிடுச்சு. இனிமே இது உங்க மண்ணு. யாரும் உங்கள எழுப்ப முடியாது. நீங்களும் எழுந்திருக்க முடியாது" என்றார். நிலம் கேட்டு ஆறு தாண்டிப் போனவனுக்கு இப்படி ஒரு நிலம் கிடைத்தது.

பையனுக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். லெய்கிதான் "குர்கி" என்றாள். கோபத்தில் வைத்தாளா, வேறு எதற்காகவாவது வைத்தாளா என்று எங்கள் வீட்டில் இன்றும் சண்டை. கோபம்தான் என்பது என் கட்சி.

அதன்பிறகு ஹெய்லின் வரிசையைச் சொன்னதே இல்லை. மகனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது லெய்கி, பத்துப் பெயரோடும். ஹெய்லின் உழுதான், பிரபுவின் வேலியைக் கட்டினான், யாராவது கேட்டால் ஆமாம் இல்லை என்றான். ஆற்றங்கரைப் பக்கம் ஆடு ஓட்டிப் போவதை மட்டும் விட்டுவிட்டான். அங்கிருந்து பார்த்தால் தீர் ஹிர் தெரியும்.

மெய்ரிக்கின் வம்சத்துக்கும் நல்லது நடக்கவில்லை. துண்டு துண்டாகி, துண்டுக்குள் துண்டாகி, பிறகு இங்கிலாந்துக்காரன் சட்டம் வந்து நிலம் மூத்தவனுக்கு மட்டும் என்று ஆனபோது, பிரிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. வாங்கத் தெரிந்தவன் ஒருவன் எல்லாவற்றையும் வாங்கிவிட்டான். ஜனவரி மாத வெயில் சாய்ந்து விழும்போது, புல்லுக்கு அடியில் அந்த நாடாக்கள் ஆறும் இப்போதும் வரிவரியாகத் தெரிகின்றன. எங்களைக் கட்டிவைத்த கட்டு எப்போதோ அறுந்தது. ஆனாலும் நாங்கள் அதே மண்ணில்தான் ஆடு வளர்க்கிறோம். எல்லைக்கோடு அதே ஆற்றின் நடுவில்தான் ஓடுகிறது, குப்பை வண்டிகூட அதற்கு அந்தப் பக்கம் வேறு.

ஹெய்லினின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உழவு நேரத்தில் ஒரு மத்தியானம், சாகக் கிடந்தவன் திடீரென்று வரிசையைச் சொல்ல ஆரம்பித்தான். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. லெய்கி பக்கத்தில் உட்கார்ந்து விரலை மடக்கினாள். "பிளெதின், ஆர்த்தென் மகன்" என்றான். நிற்கவில்லை, நொண்டவில்லை, தாண்டிப் போய்விட்டான். ஒன்பதில் முடிந்தது. பிறகு கழுத்தைத் தூக்கி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கூவினான். வேலி வரைக்கும்கூடக் கேட்டிருக்காது.

"கேட்டுச்சுய்யா" என்றாள் லெய்கி. "நல்லா கேட்டுச்சு."

வாசலில் நின்றிருந்த மகன் குர்கிக்கும் அது கேட்டது. உள்ளே வந்து அப்பாவின் கையைப் பிடிக்க அவனுக்கு நேரம் இல்லை. பிரபுவின் ஏர் பாதிச் சாலில் நின்றிருந்தது, காரியஸ்தர் வேலிக்கு அப்பாலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.