போகிக்குப் போகி ஒரு நரை

மீன் விற்கும் அஞ்சலை எங்கள் அச்சகத்துக்குள் வந்ததே இல்லை. வாசலில் நின்றுதான் குரல் கொடுப்பாள். மார்கழியில் ஒரு காலை, கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து என் மேஜை ஓரமாக நின்றாள். "பெயிண்டரு பூட்டாரு சார்" என்றாள். கையிலிருந்த புரூஃபில் நான் அடுத்த வரியையும் திருத்தினேன். அதற்குப் பிறகுதான் அவள் சொன்னது சாவுச் செய்தி என்பது எனக்குள் இறங்கியது.

ராயபுரத்தில் பெயிண்டர் என்றால் கன்னியப்பன்தான். கடைப் பலகையும் எழுதினார், படகுக்குப் பேரும் எழுதினார். ஆனால் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர், உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் முகத்தை வரைந்தவர். எங்கள் அச்சகத்துக்கும் அவர் கொட்டகைக்கும் நடுவில் ஒரே சுவர். பாடிக்கொண்டேதான் வரைவார்; சுருதி என்பது மருந்துக்கும் கிடையாது. இந்தக் கூச்சலில் எப்படிப் பிழை பார்ப்பது என்று எத்தனையோ முறை சண்டைக்குப் போயிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கம் சத்தமில்லை. பிழைகள் முன்னைவிட அதிகமாகத் தப்புகின்றன.

யுத்த காலத்தில் படம் வரையும் துணி கிடைக்காமல் போயிற்று. துறைமுகத்தில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைகளைப் பொறுக்கி வந்து அவற்றில் வரையத் தொடங்கினார். யுத்தம் முடிந்து நல்ல துணி வந்த பிறகும் மனிதர் மாறவில்லை. ஏன் என்று கேட்டேன். "துணி நேத்து பொறந்தது வாத்யாரே. இந்தப் பலக கடலெல்லாம் பாத்துட்டு வந்துகீது. மொகம் எய்தினா புட்ச்சிகினு நிக்கும்" என்றார்.

சென்ற வருஷம் தண்டையார்பேட்டை மளிகை மண்டி முதலாளி ஒருவர், காலமான தம் அப்பாவைக் கோட்டும் கைக்கடிகாரமுமாக வரையச் சொன்னார். தெற்கிலிருந்து வந்து மூட்டை தூக்கி முன்னுக்கு வந்த அந்தப் பெரியவர் ஆயுளில் கோட்டைத் தொட்டதில்லை. கன்னியப்பன் மறுக்கவில்லை. கோட்டு வந்தது, கடிகாரம் வந்தது, கீழே வெடித்துப்போன வெறுங்காலும் வந்தது. முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. "கோட்டு நீ சொன்னது மொதலாளி. காலு அவுரு கொண்டாந்தது" என்றார் இவர். படம் கொட்டகையிலேயே கிடந்திருக்கும். முதலாளியின் தாயார் வந்து அந்தக் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அஞ்சலையின் படத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவள் புருஷன் முனுசாமி, கன்னியப்பனுக்குச் சிறு வயதுத் தோஸ்து. யுத்தத்தின்போது சரக்குக் கப்பலில் கலாசி வேலைக்குப் போனான். கப்பலும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. குப்பத்துப் பெரியவர்கள் காரியம் செய்து தாலியை இறக்கச் சொன்னார்கள். "பொணத்த காட்டு, எறக்கறேன்" என்றாள். அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கன்னியப்பன் நினைவிலிருந்தே அவனைப் பலகையில் வரைந்து கொடுத்தார். அஞ்சலை அதற்குக் குங்குமம் வைக்கவில்லை, மாலை போடவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

சில வருஷம் கழித்து அவள் கொட்டகைக்கு வந்தபோது நானும் இருந்தேன். "எனுக்கு தலை நரைச்சிகினு வருது. படத்துல இவுரு இன்னும் மாப்ளை மாரியே கீறாரு. நாளைக்கு வந்து நின்னா அடையாளம் தெரிய வாணாமா?" என்றாள். நான் சிரித்தேன். கன்னியப்பன் சிரிக்கவில்லை. அந்த வருஷப் போகியிலிருந்து ஒவ்வொரு போகிக்கும் அவள் வீட்டுக்குப் போவார். மெல்லிய பிரஷ்ஷால் முனுசாமியின் காதோரம் ஒரு நரை, கண்ணோரம் ஒரு சுருக்கம். பிறகு மீன் குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு வருவார். அந்தப் பெண்ணை ஏன் ஏமாற்றுகிறீர்கள் என்று ஒருமுறை கோபமாகவே கேட்டேன். "கீறான்னு அவ சொல்றா. இல்லன்னு சொல்றதுக்கு நான் இன்னா எமனுக்குக் கணக்கப்பிள்ளையா?" என்றார்.

இந்த வருஷமும் போகி வந்தது. தெருவெல்லாம் பழசை எரித்த புகை. அஞ்சலை பலகையைப் புடவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தாள். கொட்டகையிலிருந்து அந்த மெல்லிய பிரஷ்ஷையும் எடுத்து வந்திருந்தாள். "பெயிண்டரு பக்கத்துலியே கீந்து எம் புருசன் கத எல்லாம் கேட்டவன் நீதான் சார். இந்த வருசத்து நரைய நீ வெய்யி" என்று என் கையில் கொடுத்தாள்.

படத்திலிருந்த முனுசாமியை அன்றுதான் அருகில் பார்த்தேன். இறந்தவன் முகமல்ல அது. வேலைக்குப் போய் வயதாகிக்கொண்டிருக்கிற ஒருவன் முகம். பிரஷ்ஷை மேஜையில் வைத்தேன். எனக்கு வராதம்மா, திருவொற்றியூரில் நன்றாக வரைகிற ஒருவர் இருக்கிறார், அழைத்து வருகிறேன் என்றேன்.

"அவுருக்கு எம் புருசன தெரியாதே சார்" என்றாள்.

படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்ப இனிமே இவுருக்கு வயசு ஏறாது" என்றாள். தன் தலையிலிருந்த பூவை எடுத்துப் பலகையின் மேல் வைத்தாள். நான் தடுத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவள் பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கன்னியப்பனை இழந்தவர்கள் நாம் பலர். அவர் சாவில் இன்னொரு சாவும் சேர்ந்து நடந்ததை அவளும் நானும் மட்டுமே பார்த்தோம். பிரஷ்ஷை அவள் திரும்பக் கேட்கவில்லை. அது என் மேஜையில், திருத்தும் பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடலில் போனவனை இத்தனை வருஷம் சாகவிடாமல் வைத்திருந்தது அதுதான். என் கைக்கு ஒரு நரை வைக்கத் தெரியவில்லை.