கேட்காத எட்டு நாள் பாடம்

என் அக்காவுக்கு நாலு பெண்களுக்குப் பிறகு பிறந்தவன் கல்லுளி. அடித்தாலும் வாய் திறக்காதவனுக்கு வீட்டில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மதரஸாவில் ஏழு வருடம் ஓதினான்.

அங்கே ஒரு முறை உண்டு. மார்க்கச் சட்ட நூலான கிதாபை ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓதிக் கேட்க வேண்டும். கேட்டான் என்று அவரே எழுதித் தரும் சாட்சிதான் ஸனது; ஆசிரியருக்கு ஆசிரியர் என்று கண்ணி விடாமல் பின்னால் போகும் சங்கிலி அது. அது இல்லாதவனை எந்தப் பள்ளிவாசலும் தொழவைக்கக் கூப்பிடாது. இவன் அப்பா, என் மச்சான், படுத்த படுக்கை. பக்கத்து நகரில் ஓர் இமாம் வேலை இவனுக்காகக் காத்திருந்தது.

கிதாபு சொல்லிக் கொடுத்தவர், கையில் பிரம்பில்லாமல் வகுப்புக்கு வராத பிரம்பு ஹஜ்ரத். மகள் கல்யாணத்துக்குத் தன் வீட்டை வெள்ளையடிக்க இவனைத்தான் அனுப்பினார். எட்டு நாள். இவன் ஏணியில் நின்றபோது வகுப்பில் சாட்சியம் பற்றிய பாடம் முழுதும் ஓடிவிட்டது. திரும்பி வந்து கேட்டதற்கு, உனக்குத்தான் மூளை இருக்கே, நீயே பார்த்துக்கோ என்று விரட்டிவிட்டார்.

பட்டமளிப்பு அன்று கூடம் நிறைய ஆள். கிதாபு முழுவதும் என்னிடம் ஓதினான் என்று வாசித்து ஹஜ்ரத் ஸனதை நீட்டினார். இவன் கை நீட்டவில்லை.

"எட்டு நாள் பாடம் நான் கேக்கல ஹஜ்ரத். உங்க சுவத்துக்கு வெள்ளையடிச்சிட்டு இருந்தேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹஜ்ரத்துக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"சபையில வச்சு என்னைப் பொய்யன்கிறியா?"

"இதை வாங்கினா நானும் பொய்ச்சாட்சிதான். அதுக்கு என்ன சட்டம்னுகூட நீங்க சொல்லித் தரலியே."

நான் மேடையேறி அவன் சட்டையைப் பிடித்து, உங்கப்பன் மருந்துக்கு இந்த வேலைதானடா என்று பல்லைக் கடித்தேன். என் கையை விலக்கிவிட்டு இறங்கிப் போனான். பெண்கள் பக்கமிருந்து அக்கா அழுவாள் என்று பார்த்தால், அவள் குரல் கூடத்தையே கிழித்தது.

"எட்டு நாளும் ஒரு வாய் சோத்துக்குக் கூப்பிடாத மனுஷன், பாடத்தையாவது கொடுக்கட்டும்."

மதரஸாவின் பெரிய ஹஜ்ரத், விட்டதை ஓதி முடிக்காமல் ஸனது இல்லை என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து பிரம்பு ஹஜ்ரத் வீட்டிலேயே எட்டு நாள் ஓதினார்கள். கிதாபில் இல்லாத ஒரு வார்த்தை இருவருக்கும் இடையில் கிடையாது. மனுஷர் ஒரு வரி விடாமல் சொல்லிக் கொடுத்தார், அதை நான் மறைக்கவில்லை. கடைசி நாள் கையெழுத்துப் போட்டுத் தாளைத் தரையில் எறிந்தார். இவன் குனிந்து எடுத்து, ஸலாம் சொல்லிவிட்டு வந்தான்.

அதற்குள் இமாம் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அடுத்தது கிடைக்க ஒன்றரை வருடம். மகன் பின்னால் நின்று ஒரு வேளைகூடத் தொழாமலே மச்சான் போய்ச் சேர்ந்தார்.

இப்போது இவனிடம் பிள்ளைகள் ஓதுகிறார்கள். கிதாபு முடியும் நாளில், தனக்கு ஓதிக் கொடுத்தவர்களை வரிசையாகச் சொல்லி அவர்களுக்காக இறைவனிடம் துஆ கேட்கிறான். பிரம்பையும் சேர்த்துத்தான். அந்தாளை விட்டுத் தொலையேன்டா என்றேன் ஒருமுறை.

"அவரை விட்டா என் ஸனது அறுந்துடும் மாமா. கோபம் இருந்தா இருக்கட்டும்."

அவன் அப்படித்தான். அந்தப் பெயர் வரும்போது கூட்டமே ஆமீன் சொல்லும். நான் சொல்வதில்லை.