குடைக்காரரை அழிக்கச் சொன்னார்கள்

குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். வலி இல்லை. அன்று தாலுகா அலுவலகத்தில் எங்கள் மனைக்கட்டு விசாரணை. தலையைத் துவட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அங்கே வாய்தா போட்டார்கள். நானும் என் உடம்புக்கு வாய்தா போட்டேன். அப்படியே எட்டு மாதம் ஓட்டினேன். இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது தட்டுப்பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அப்பாவும் அம்மாவும் பண்ணையாட்கள். நாங்கள் குடியிருக்கும் மனை தங்களுடையது என்று மிராசுதாரின் வாரிசுகள் கொடுத்த மனு, அப்பா இறந்த பிறகு என் தலையில் விழுந்தது. எந்த ஆட்சி வந்தாலும் மேடையில் எங்களுக்குப் பட்டா கொடுத்தார்கள். கைக்குத்தான் வந்து சேரவில்லை.

தஞ்சாவூரில் பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். புற்றுநோய். மார்பை முழுவதுமாக அகற்றினார்கள். பிறகு ஆறு முறை கீமோதெரபி (புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் மருந்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவது) என்றார்கள். இரண்டோடு நிறுத்திவிட்டேன். வாந்திக்குப் பயந்து அல்ல. எனக்கு எதுவுமே வேண்டாம்போல் இருந்தது. சோறு இறங்கவில்லை, பேச்சு வரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், கோபப்படாதே, கோபம் உடம்புக்கு ஆகாது என்று ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு புத்திமதியையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

என் கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். அவர் என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"மீதி நாலையும் போடலைன்னா ஆபரேஷன் பண்ணுனதே வீணாப் போயிடும்மா" என்றார் டாக்டர்.

எனக்கு வந்திருப்பது மனச்சோர்வு (எதிலும் பிடிப்பில்லாமல் போகும் நோய்நிலை) என்றார். மாத்திரை எழுதினார். கூடவே, புதன்கிழமைதோறும் வார்டுக்குப் பின்னால் நோயாளிகளுக்கு நடக்கும் ஓவிய வகுப்புக்கும் போகச் சொன்னார்.

வகுப்பை நடத்தியவர் கவிதா என்ற இளம்பெண். முதல் நாள் அச்சடித்த பூக்களைக் கொடுத்து, கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டச் சொன்னார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. பல்லைக் கடித்துக்கொண்டு தீட்டினேன்.

அடுத்த வாரம், மனதுக்கு அமைதி தரும் இடத்தை வரையச் சொன்னார். எல்லோரும் பச்சை வயலும் தென்னை மரமும் சூரியனும் வரைந்தார்கள். நானும் வயல்தான் வரைந்தேன். நடவு வரிசையில் குனிந்த பெண்கள். வரப்பில் குடை பிடித்தபடி காரியக்காரர், அதாவது மிராசுதாருக்காக எங்களை வேலை வாங்கியவர். பூவரச மரத்தில் சேலைத் தூளி. தூளியில் என் தம்பி. ஆறு வயதில் அதை ஆட்டிக்கொண்டிருந்தது நான்.

தம்பி அழுதால் அம்மா முதலில் அந்தக் குடையைத்தான் நிமிர்ந்து பார்ப்பார். உத்தரவில்லாமல் கரையேற முடியாது. பால் கட்டி மாராப்பு நனையும். நனைந்தபடியே நட்டுக்கொண்டு போவார்.

கவிதா என் படத்தைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கும்மா. அந்தக் குடை புடிச்ச ஆள மட்டும் அழிச்சிடுங்க. வயல் அமைதியா இருக்கும்" என்று ரப்பரை நீட்டினார்.

எத்தனையோ நாளாக வராத என் குரல் வந்தது.

"அந்த ஆள வரப்புலேர்ந்து எறக்க எங்கப்பாவுக்குப் பாதி ஆயுசு போச்சு. கூலிக்காரங்க சங்கத்துல நின்னு அடி வாங்கினாரு, ஜெயிலுக்குப் போனாரு. நீங்க ரப்பரால அழிக்கச் சொல்றீங்க."

அதோடு நிறுத்தவில்லை. தாலுகா அலுவலகத்தை, ஆரஞ்சுப் பழக்காரர்களை, எட்டு மாதம் சும்மா இருந்த என்னை, எல்லோரையும் சேர்த்துத் திட்டினேன். கவிதா அழுதுவிட்டார். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. பசிதான் வந்தது. கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டேன். என் கணவர் இன்னொரு பொட்டலம் வாங்கி வந்து வைத்தார்.

அடுத்த புதன்கிழமை கவிதா அச்சடித்த பூக்களைக் கொண்டுவரவில்லை. பெரிய சார்ட் தாள்களோடு வந்தார்.

"எது வேணும்னாலும் வரைங்க. எதையும் அழிக்கச் சொல்ல மாட்டேன்" என்றார்.

கண்ணாடியில் பார்த்த என் மார்பை வரைந்தேன். வலது பக்கம் இருந்தபடி. இடது பக்கம் தட்டையாக, தையலோடு. அழுத்தியதில் கிரேயான் இரண்டு முறை உடைந்தது. பக்கத்தில் இருந்தவர் முத்துப்பேட்டைக்காரம்மா, அவருக்கும் இதே ஆபரேஷன்தான். என் படத்தின் தையல் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"எனக்கு இன்னுங் கொஞ்சம் நீளம்" என்றார். இருவரும் சிரித்தோம்.

மறுநாள் மூன்றாவது கீமோவுக்குப் போனேன்.

படம் வரைந்தால் கட்டி கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மருந்து செய்யும் வேலை. மருந்து ஏற்றும் நாற்காலி வரைக்கும் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தது படம். அழகாக வரை, அமைதியாக வரை என்று உங்களிடம் சொன்னால் தாளை எடுத்துக்கொண்டு தள்ளி உட்காருங்கள்.

ஆறும் முடிந்தன. கடைசி நாளில், கோபம் குறைந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர். ஆனா நல்லா சாப்பிடுறேன்" என்றேன்.

ஆபரேஷன் ஆன பக்கம் வீங்கிவிடும் என்பதால் இப்போது இடது கையால் தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை. ரவிக்கைக்குள் எதையும் வைத்து நிரப்பிக்கொள்வதும் இல்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதித்து, அடுத்த மூன்று மாதத்துக்குச் சீட்டு எழுதித் தருகிறார்கள். முன்பெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சுலபமாகச் சொல்வேன். இப்போது என் கணக்கு ஒரு குறுவைதான், மூன்று மாதத்து நெல். ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாமலேதான் இங்கே எல்லோரும் குறுவைக்கு நாற்று விடுகிறார்கள். நாற்றை விட்டுவிட்டு, தண்ணீர் விடாதவர்களைத் திட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் இருக்கிறேன்.