கீழே கிடந்தவர் சின்ன மாமா

எங்கள் சின்ன மாமா வெளிநாட்டில் ஒரு பெரிய சண்டைப் போட்டியில் வென்றவர். அவர் வென்றதைப் பார்க்கவென்று, வட்டக்கச்சியில் எங்கள் வீடு கொள்ளாத சனம் ஒரு நாள் கூடியது. கூடியவர்களில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. பக்கத்துவீட்டுப் பூனை உட்பட எல்லோரும் பார்த்தது அவர் அடிவாங்கியதைத்தான்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். யுத்தத்துக்கு இடையில் பேச்சுவார்த்தை நடந்து, வெடிச்சத்தம் ஓய்ந்திருந்த சில மாதங்கள். அந்த இடைவெளியில்தான் மாமா ஊருக்கு வந்து சேர்ந்தார். அவர் அம்மாவின் ஒரே தம்பி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, அம்மாதான் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி இந்தக் குடியேற்றத் திட்டக் காணிக்கு வந்தபோது, சீதனத்தோடு தம்பியையும் சேர்த்துக் கொண்டுவந்ததாக அப்பா பகிடி சொல்லுவார். அந்தத் தம்பி மீசை அரும்பியதும் கப்பலுக்குப் போய்விட்டார்.

கப்பலில் அவருக்குக் குசினியில் சட்டி கழுவுகிற வேலை. பிறேசில் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் முதலாளி கைவிட்டுப் போனதால் கப்பல் மாதக்கணக்காக அசையாமல் நின்றதாம். பொழுது போகாமல் அலைந்தவர், ஒரு பாண் பேக்கரியின் மேல்மாடியில் மெத்தை விரித்து ஆட்கள் கட்டிப் புரளுவதைக் கண்டு படியேறிப் போயிருக்கிறார். அதற்குப் பெயர் ஜூஜிட்சு என்றார். குத்துவதில்லை, உதைப்பதில்லை. ஆளை நிலத்துக்கு இழுத்து, கையையோ கழுத்தையோ பூட்டிப் பணிய வைப்பது. மெலிந்தவன் ஒருவன் மலைபோன்றவனையும் அதனால் மடக்கலாம். மாமா காற்றடித்தால் பறக்கிற உடம்புக்காரர், ஆகவே அது அவருக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைத்துக்கொண்டே படித்தார். இடுப்புப் பட்டி வெள்ளையிலிருந்து நீலமாகி, ஊதாவாகி, சின்னச் சின்னப் போட்டிகளில் வென்று, பிறகு குத்தும் உதையும் பிடியும் எல்லாம் கலந்த சண்டைக்கு மாறினார். ஊரில் இவ்வளவையும் சேர்த்துக் 'கராட்டி' என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

அந்த நாட்டுப் போர்த்துக்கீசப் பாஷை பாதி எங்களுடையதுதான் என்று மாமா எங்களுக்குச் சொல்லிக்காட்டுவார். கதிரைக்கும் குசினிக்கும் சப்பாத்துக்கும் அங்கேயும் கிட்டத்தட்ட அதே சொற்கள்தானாம். எங்களுக்கு அது பெரிய அதிசயம். அம்மாவுக்கு அதில் மனம் போகவில்லை. மாமாவின் காதுகள் இரண்டும் மெத்தையில் உரசி உரசித் தடித்து, சுருண்டு, எண்ணெயில் போட்ட அப்பளம்போல் இருந்தன. ஒவ்வொரு காலையும் அவரைப் பிடித்து இருத்தி நல்லெண்ணெய் தடவிக்கொண்டே கேட்பார்.

"குசினியெண்டு சொல்லத் தெரிஞ்ச சனம் ஏன்டா உன்ரை காதை இப்பிடிச் செய்தது?"

மாமா சிரிப்பார். இரண்டு கிழமையில் அவர் திரும்பிப் போகவேண்டும். அடுத்த சண்டை யப்பானில். அதில் வென்றால் இனி வாழ்நாளில் யாருடைய சட்டியும் கழுவத் தேவையில்லை என்று அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். யப்பானுக்குக் கூப்பிடக் காரணம், அதற்கு முதல் நடந்த ஒரு சண்டையில் அவர் வென்றது. அந்தச் சண்டையின் வீடியோ கசெற்றை உடுப்புக்குள் சுற்றி, எல்லாச் சோதனைச் சாவடியும் தாண்டிக் கொண்டுவந்திருந்தார். அக்கா அதைப் பார்க்கவேண்டும், பார்த்தால் பயம் தெளிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம்.

எங்களிடம் கரண்ட் இல்லை, ரிவியும் இல்லை. பரந்தனில் ஒருவர் ரிவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் லாண்ட்மாஸ்ரர் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டுவந்து படம் போடுகிறவர். அவருடைய ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடும். மண்ணெண்ணெயோ மருந்துபோல விற்ற காலம். சில நாட்களாக நாங்கள் விளக்கைக் கொளுத்தாமல் நேரத்தோடு சாப்பிட்டுப் படுத்தோம். அயலவர்களும் போத்தலின் அடியில் கிடந்ததைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஒரு மத்தியானம், நெல் அடுக்கும் அறையின் சன்னல்களைச் சாக்கால் மறைத்து, ரிவியை மேசையில் ஏற்றினார்கள்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். "முதலிலை ஒரு சாமிப்படம் போடட்டும். அடிபாட்டோடை தொடங்கக் கூடாது."

யாரும் மறுக்கவில்லை. படம் பார்த்து எத்தனையோ காலமான சனம் அது. மாமாவும் "ஓம் அக்கா" என்றார். படத்தில் அம்மன் அடிக்கடி நேரில் தோன்றினா. அவ தோன்றும்போதெல்லாம் எல்லோரும் கைகூப்பினோம். வெளியே எண்ணெய் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு மாமாவின் கசெற். அது இங்கத்தைய டெக்குக்கு ஒத்துவராமல் நிறமின்றி ஓடியது, இடைக்கிடை படம் மேல்நோக்கி உருண்டது. கயிறு கட்டிய மேடையில் கட்டைக் களிசான் மட்டும் போட்ட இரண்டு பேர். ஒருவன் எங்கள் கிணற்றுக்கட்டு அகலத்துக்கு இருந்தான். கொஞ்ச நேரத்தில் இருவரும் விழுந்து ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். அப்பாவோடு வயல்செய்கிற மலையகத்து அண்ணர் ஒருவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நம்ம தம்பி எதுங்க?"

"கீழை கிடக்கிறது நான், அண்ணை" என்றார் மாமா.

மேலே இருந்தவன் குத்திக்கொண்டிருந்தான். மாமா மல்லாக்கக் கிடந்து, இரண்டு காலாலும் அவனுடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தார். புருவம் வெடித்து முகமெல்லாம் கறுப்பாக வழிந்தது. நிறம் இல்லாதபடியால்தான் கறுப்பு என்று எனக்கே விளங்கியது. அம்மா சேலைத்தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டார். மாமா அவரிடம் திரும்பித் திரும்பிச் சொன்னார், நான்தான் அவனைப் பிடித்துவைத்திருக்கிறேன், அவனால் எழும்பமுடியாது, கீழே கிடப்பதுதான் இதில் வித்தை என்று. கீழே கிடந்து அடிவாங்குகிறவன் அப்படிச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

பிறகு மாமா கதிரையின் நுனிக்கு வந்தார். "இப்பதான். அந்தக் கையைப் பாருங்கோ, அக்கா."

ஜெனரேற்றர் இருமியது. படம் சுருங்கி ஒரு புள்ளியாகி, புள்ளியும் போயிற்று.

"எண்ணெய் முடிஞ்சுது" என்றார் பரந்தன்காரர். விளக்குகளைக் கவிழ்த்து வடித்ததில் ஒரு சிரட்டைகூடத் தேறவில்லை, ஊரில் வேறு எவரிடமும் மிச்சமும் இல்லை. இருளுவதற்குள் போகவேண்டும் என்று அவர் சாமான்களை ஏற்றினார். இதற்குப் பிறகுதான் நான் வென்றனான் என்று மாமா வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். காய்ச்சல்காரன் கதைக்கும்போது நாங்கள் தலையாட்டுவதில்லையா, அந்தமாதிரி. படலையைத் தாண்டியதும் "பாவம் பெடியன்" என்றது யாரோ ஒருவரின் குரல். அது மாமாவுக்கும் கேட்டிருக்கும்.

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை.

"யப்பானும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம். இனி அடிபடப் போகமாட்டன் எண்டு என்ரை தலையிலை கைவைச்சுச் சொல்லு."

"நான் வெண்டனான் அக்கா."

"நான் கண்ணாலை கண்டனான் தம்பி."

மாமா, அத்தானை வரச்சொல்லுங்கள், எப்படி வென்றேன் என்று செய்துகாட்டுகிறேன், காட்டினால் விடுவீர்களா என்று கேட்டார். அம்மா யோசித்தார். அப்பா நெல்மூட்டையைத் தனியாகத் தூக்கித் தோளில் போடுகிறவர். "அவரை உன்னாலை மடக்க ஏலுமெண்டால், போ" என்றார்.

சூடடித்து முடிந்த காலம், முற்றத்தில் வைக்கோல் கிடந்தது. அப்பா சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு, சிறுபிள்ளை விளையாட்டுக்குப் போகிறவர்போல் சிரித்தபடி வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. மாமா அப்பாவின் காதுக்குள் ஏதோ சொன்னார், அப்பா தலையாட்டினார். பிறகு மாமா வைக்கோலில் மல்லாக்கப் படுத்து, அப்பாவைத் தன் கால்களுக்கு நடுவில் முழங்காலில் இருக்கச்செய்து, "அத்தான், என்ரை கழுத்தைப் பிடிச்சு அமத்துங்கோ" என்றார். அம்மாவுக்கு அந்தக் கோலத்தைப் பார்க்கவே வெட்கமாயிருந்தது. அப்பா அமத்தினார். மாமாவின் இடுப்பு ஒரு பக்கம் திரும்பியது, ஒரு கால் அப்பாவின் தலைக்கு மேலால் வந்தது, அப்பாவின் நீளக் கை மாமாவின் நெஞ்சோடு நேராக நீட்டிக் கிடந்தது. அப்பாவின் முகம் வைக்கோலுக்குள் போயிற்று. அவருடைய மற்றக் கை மாமாவின் தொடையில் தட்டியது, மெதுவாக, எங்களைத் தட்டிக்கொடுக்கும்போது தட்டுவதுபோலவே. மாமா உடனே கையை விட்டுவிட்டார்.

அப்பா எழும்பினார். அவருக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பு இல்லை.

"காணும் தம்பி, போதும்" என்றார்.

"பாத்தியே, உன்னாலை அவரைப் பிடிச்சு வைச்சிருக்கக்கூட ஏலாமப் போச்சு" என்றார் அம்மா. "அவர் பாவம் பாத்துத் தட்டிக்குடுக்கிறார்."

"அத்தான்" என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார். அப்பா சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் பார்க்கவேண்டும் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.

அன்று பின்னேரம் மாமா அம்மாவின் தலையில் கைவைத்துச் சொன்னார். அம்மா அழுது, பிறகு எழும்பிப்போய் எல்லோருக்கும் புட்டு அவித்தார். எனக்கு அப்படியொரு சந்தோசம். மாமா இனி எங்களோடுதான், பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார் என்று பள்ளித் தோழிகளுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் போகவேண்டிய நாள் வந்தது, போனது. அதன்பிறகு சில கிழமைகளில் பேச்சுவார்த்தை முறிந்து பாதையும் பூட்டுப்பட்டது. போகவிடாமல் மறித்தது கடவுள்தான் என்று அம்மா எல்லோருக்கும் சொன்னார்.

தம்பியின் உடம்பில் இனி ஒரு அடியும் படக்கூடாது என்று அம்மா அவரைப் பிடித்து நிறுத்திய இடம் வன்னி. இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. அடுத்த வருடம் வட்டக்கச்சியே இடம்பெயர்ந்தது. நாங்கள் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரத்தில் கொட்டில் போட்டோம். கசெற் அலுமாரியோடு வீட்டில் தங்கிவிட்டது. வீடும் பிறகு இல்லை. எறிகணைச் செல் துண்டொன்று மாமாவின் வலது முழங்காலுக்குள் போனதும் அந்தக் காட்டோரத்தில்தான். கால் பிழைத்தது, மடக்கத்தான் முடியாது. அந்தக் காலோடு உழவு இயந்திரம் ஓட்டினார், கலியாணம் கட்டினார், பிள்ளைகளைப் படிப்பித்தார். இப்போதும் வட்டக்கச்சியில்தான் இருக்கிறார். யாரையும் அவர் குறைசொல்லி நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு துக்கம் இருந்திராது.

அண்மையில் வவுனியாவில் எங்கள் வீட்டில் என் மகன் போனில் இப்படியான ஒரு சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே கிடந்தவன் மேலே இருந்தவனுடைய கையைப் பிடித்து நீட்டினான். மேலே இருந்தவன் மற்றக் கையால் அவனுடைய தொடையில் தட்டினான். உடனே பிடி விட்டுப்போயிற்று, சண்டையும் முடிந்தது.

"ஏன் தட்டிக்குடுக்கிறான்?" என்று கேட்டேன்.

"தட்டிக்குடுக்கேல்லை அம்மா. தோத்திட்டன், விடு எண்டு சொல்லுறான். தட்டினால் உடனே விடவேணும். விடாட்டிக் கை முறிஞ்சிடும்."

அடுப்பில் வைத்திருந்ததை மறந்து நான் அப்படியே இருந்துவிட்டேன். மாமா அன்றைக்கு அப்பாவின் காதுக்குள் சொன்னது இதைத்தான். அப்பா தட்டினார். எங்கள் ஊரில் மாமா வென்றதை அறிந்த ஒரே ஆள் அப்பாதான். அதைக் கையால் அறிந்தவர். அவர் ஏன் சொல்லவில்லை? வேலிக்கு மேலால் பார்த்த சனத்துக்கு முன்னால் சொல்ல வெட்கமாயிருந்திருக்கலாம். அம்மா இனியாவது சாப்பிடட்டும் என்று நினைத்திருக்கலாம். கேட்க அப்பா இப்போது இல்லை. மாமாவாவது வாயைத் திறந்திருக்கலாமே என்றால், அத்தான் தோற்றார் என்று அத்தானின் முற்றத்தில் நின்று, அவருடைய மனைவி பிள்ளைகள் முன்னால் சொல்ல அவரால் முடியாது. அதை அப்பாதான் சொல்லவேண்டும். ஒரு சொல் போதும்.

அன்றைக்கு அப்பா புறப்பட்ட பிறகும் மாமா முற்றத்திலேயே நின்றார். தலைமயிரில் ஒட்டிய வைக்கோலைக்கூட எடுக்காமல், வாய்க்கால் பாதையில் அப்பாவின் முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மறைந்த பிறகும் நின்றார். அவர் எதற்குக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தாகமாக்கும் என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். மாமா அதை வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.